கவிழ்த்து வைத்த செம்பு

"நான் ஊத்தலைன்னா ஊத்தலை. ஒருக்கா சொன்னா நம்போணும் அம்மணி."

"அப்பறம் ஆரு ஊத்துனது? பூனையா?"

"ஆமா, பூனை வந்து உன்ற செம்புல தண்ணி ரொப்பீட்டுப் போகுதாக்கும்! என்ற ஊட்டுலயே பொட்டுத் தண்ணி இல்லை. உங்கப்பா போய்ட்டாருன்னு நீ சொன்ன ஒரு பேச்சுக்கு எங்க தொட்டித் தண்ணியையும் கொட்டிப்போட்டு நிக்கறேன். எருமை ரெண்டும் நேத்துப் பொழுதோட இருந்து கத்துது. சிறுவாணிக் குழாய்ல சண்டை போட்டுப் புடிச்ச தண்ணி. என்ற மாமியா செத்தப்பக்கூட நான் இத்தனை கொட்டலை!"

சிம்ஹாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பின்வாசல் நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரில் சென்னியம்மாள் இடுப்பில் காலிக் குடத்தோடு, குழாயடிக்குக் கிளம்பிய வேகத்தோடு நின்றாள். மில்லில் இருந்து பறந்து வந்த பஞ்சுத் துகள் அவள் தலைமுடியிலும் எருமைகளின் முதுகிலும் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"நேத்து என்ற கையால கொட்டி, என்ற கையால கவுத்து வெச்ச செம்புங்க்கா. இப்பப் போய்ப் பாத்தா நிமுந்து நிக்குது. கழுத்து வரைக்கும் தண்ணி."

"துக்கத்துல நீயே மறந்திருப்பே."

"எனக்குத் துக்கமே இல்லை."

சென்னியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் வேணா செத்த நேரம் வந்து கூட உக்கோரட்டா? பொணத்தோட ஒத்தையில எத்தனை நேரம் கெடப்பே?"

"வேண்டாங்க்கா. என்ற அப்பனை நானே பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகுதான், அவளைக் கூப்பிட்டிருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் கோபம் அப்படித்தான். முதலில் கதவைச் சாத்தும், பிறகுதான் யோசிக்கும்.

பெரிய கடை வீதியில் இருந்து பிரியும் அந்தச் சந்தில் எல்லாருக்கும் அந்த இடம் யூதப்பள்ளி. கொச்சியில் இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக நூலும் கண்ணாடிச் சாமானும் விற்க வந்த சில குடும்பங்கள், சிம்ஹாவின் தாத்தா காலத்தில், ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து முன்பக்கத்தைத் தொழுகைக் கூடமாகவும் பின்பக்கத்தைக் காவலாளி குடியிருக்கும் வீடாகவும் ஆக்கிக்கொண்டன. மேற்குச் சுவரில், எருசலேம் இருக்கும் திசையில், வேதச்சுருள் வைக்கும் மர அலமாரி; அதன் முன்னால் பச்சைப் பட்டுத் திரை; நடுவில் நின்று வாசிக்க ஒரு மேடை; உத்தரத்தில் இருந்து தொங்கும் கண்ணாடி விளக்குகள். வியாபாரம் நொடித்ததும் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கொச்சிக்கும் பம்பாய்க்கும் போயின. கடைசியாகப் போனவர்கள் வேதச்சுருளையும் பட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகும் சிம்ஹாவின் அப்பா ஏலியாவு போகவில்லை. காலி அலமாரிக்கு முன்னால் தினமும் விளக்கேற்றினார். பகலில் காலிப் பாட்டில் வாங்கி விற்றார்; பொழுது சாய்ந்தால் பள்ளியைக் கூட்டினார், எண்ணெய் ஊற்றினார். இல்லை, அவர் எங்கே கூட்டினார்? கூட்டியது அவருடைய ஒரே மகள் சிம்ஹா. எண்ணெய் ஆட்டி வாங்கி வந்ததும் அவள்தான். அவர் விளக்கை மட்டும் ஏற்றினார்.

நேற்று வெள்ளிக்கிழமை மதியம், எண்ணெய்க் குப்பியைப் பிடித்த கையோடு அவர் பெஞ்சில் சாய்ந்தார். பிறகு எழவில்லை. பொழுது சாய்ந்தால் சபாத், ஓய்வுநாள். அன்றைக்கு அடக்கம் கிடையாது. தூக்கிப்போக அவர்களில் ஓர் ஆண் ஊரில் மிச்சம் இல்லை. சென்னியம்மாளின் புருஷன் கந்தப்பன்தான் ஓடிப்போய் எறணாகுளத்து யூதர்களுக்குத் தந்தி கொடுத்துவிட்டு வந்தான். சபாத் முடிந்த பிறகு அங்கே ரயில் ஏறி, நாளைக் காலையில் அவர்கள் வந்து சேர்வார்கள். நொய்யல் பக்கத்துச் சின்ன இடுகாட்டில் அவரை அடக்கம் செய்வார்கள். திரும்பிப் போகும் ரயிலில் சிம்ஹாவும் ஏறுவாள். அவளுடைய தகரப் பெட்டி கட்டித் தயாராக, பின்வாசலை ஒட்டி நின்றது.

அதுவரை உடம்பைத் தனியே விடக் கூடாது என்பது வழக்கம். உயிர் போன வீட்டிலும் ஒட்டிய வீட்டிலும் இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்பதும் வழக்கம். உயிரை எடுக்க வந்தவன் கத்தியை அந்தத் தண்ணீரில்தான் கழுவிவிட்டுப் போவானாம். இதைச் சென்னியம்மாளிடம் அவள் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் வழக்கப்படி செய்தாள். பாசத்தால் இல்லை. ஒரு குறை வைக்காமல் முடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்ற வெறியால் செய்தாள். கண்ணை மூடினாள். வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடையை வெள்ளைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டினாள். பாயில் கிடத்தி, கால் வாசலைப் பார்க்கும்படி திருப்பி, துப்பட்டியால் முகம் வரை மூடினாள். தலைமாட்டில் சபாத் தொடங்கும் முன்பே விளக்கேற்றினாள். கண்ணாடியைத் துணி போட்டு மறைத்தாள். குடம், அண்டா, பானை எல்லாவற்றையும் முற்றத்தில் கொட்டினாள். கூடத்து வாசல் நடையில் கைகழுவ வைத்திருக்கும், இரண்டு பக்கமும் காது வைத்த அந்தச் செம்பைக் கடைசியாகக் கொட்டி, மணையின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

இப்போது அது நிமிர்ந்து நின்றது.

அவள் அதன் முன்னால் வந்து நின்றாள். மதிய வெயில் ஓட்டுச் சந்தின் வழியாக ஒரு கோடாக இறங்கி, தண்ணீரின் மேல் பட்டு, சுவரில் வட்டமாக நடுங்கியது. கூடத்துக்குள்ளிருந்து தேங்காயெண்ணெய்த் திரியின் கருகல் வாடையும், பழைய மரத்தின் வாடையும், அவற்றுக்கு அடியில் நேற்றில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இனித்துக்கொண்டு வரும் இன்னொரு வாடையும் வந்தன. தெருவில் மாட்டு வண்டி ஒன்று பஞ்சுப் பொதியோடு முனகிக்கொண்டு போனது. வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகும் சுவரில் அந்த வட்டம் நடுங்கிக்கொண்டே இருந்தது. யாரோ இப்போதுதான் செம்பை வைத்துவிட்டுப் போனதைப் போல.

இரண்டு காதையும் பிடித்துத் தூக்கி, தண்ணீரை முற்றத்தில் வீசினாள். மணையின் மேல் டங்கென்று கவிழ்த்தாள்.

"ஆரு இந்த வேலை செய்யறதோ, நல்லாப் பாத்துக்குங்க," என்று காலி வீட்டைப் பார்த்துச் சொன்னாள். "இது என்ற ஊடு இல்லை. நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன்."

கூடத்துக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். துப்பட்டிக்கு அடியில் அப்பாவின் மூக்கு ஒரு சின்ன மேடாகத் தெரிந்தது. உயிரோடு இருந்தபோதும் அந்த மூக்குதான் முதலில் தெரியும். கதவுக்கு உள்ளே அது நுழைந்த பிறகுதான் அவர் நுழைவார் என்று சந்தில் கேலி செய்வார்கள். அவளும் சின்ன வயதில் சிரித்திருக்கிறாள்.

எறணாகுளத்தில் இருந்து மெனாஹெம் அவளைப் பெண் பார்க்க வந்தது இதே கூடத்துக்குத்தான். படகுக் கம்பெனியில் குமாஸ்தா. சபாத் சாப்பாட்டில் உட்கார்ந்து, அவள் வைத்த மீன் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அப்பா அவனிடம் கேட்டது அவள் காதில் விழுந்தது: கல்யாணம் முடிந்து நீ இங்கே வந்துவிடு, பள்ளியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவன் தன் வேலையைச் சொன்னான், அம்மாவைச் சொன்னான். அப்பா கோபப்படவில்லை. "அப்போ சரி" என்றார். அவ்வளவுதான். "அப்போ சரி." மறுநாள் காலையில் அவனை ரயிலேற்றிவிட்டு வந்து, கதவுக்குப் பின்னால் நின்றவளிடம் திரி திரிக்கப் பஞ்சு எடுத்து வரச் சொன்னார்.

அவள் எடுத்து வந்தாள். அதுதான் அவளால் பொறுக்க முடியாதது. எடுத்து வந்தாள்.

நடையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

கசிவு இல்லை, சொட்டு இல்லை. உயரத்தில் இருந்து ஒருவர் நிதானமாக, வீணாக்காமல், செம்புக்குள் ஊற்றுகிற சத்தம். முதலில் வெறும் உலோகத்தில் படும் ஒலி. பிறகு தண்ணீரில் தண்ணீர் விழும் ஒலி. நிரம்ப நிரம்ப அது கனத்து, தாழ்ந்து, கழுத்துக்கு வந்ததும் நின்றது.

அவள் எழுந்து போனாள். நடையில் யாரும் இல்லை. முற்றத்தின் ஈரத்தில் அவளுடைய காலடிகள் மட்டும் இருந்தன. செம்பு நிமிர்ந்து, நிறைந்து நின்றது.

பயம் வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. வீட்டுக்காரன்தான் ஆள் விட்டுப் பயமுறுத்துகிறான் என்று நினைத்தாள். பள்ளியைக் காலி செய்து பஞ்சுக் கிடங்காக்க அவன் எத்தனையோ நாளாக அலைகிறான். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கூடத்து முன்ஜன்னல் பக்கம் கனைப்புக் கேட்டது. போய்ப் பார்த்தாள்.

"ஏனுங்க, சிம்மாம்மா." வீட்டுக்காரன் வேங்கடசாமிதான். ஜன்னல் கம்பிக்கு வெளியே சந்தனப் பொட்டும் பாதி முகமும் தெரிந்தன. "மனசுக்குக் கஷ்டமா இருக்குதுங்க. நல்ல மனுசன். வாடகை பாக்கி வெச்சதில்லீங்க."

"வந்த விசயத்தைச் சொல்லுங்க."

"அதொண்ணுமில்லீங்க... சாவி எப்பங்க குடுக்கறீங்க? பஞ்சு வண்டி வருதுங்க."

"பொணத்தை வெச்சுட்டு நிக்கறவகிட்டச் சாவி கேக்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா? ஊட்டுக்குள்ள ஆளை உட்டுச் செம்புல தண்ணி ஊத்தச் சொல்லி வெளையாட்டுக் காட்டறீங்க!"

"நானுங்களா? ஏனுங்க, முன்கதவுக்கு நீங்கதானுங்க உள்தாழ் போட்டிருக்கறீங்க." அவர் உண்மையாகவே திகைத்தார். "கூட ஆரோ ஒறம்பரை வந்திருக்காங்களாட்ட இருக்குதேன்னு இப்பத்தான் நெனைச்சனுங்க. இங்கியே நின்னு கேட்டுட்டு இருந்தேன். உள்ள ஆரோ இருமுனாங்க. பெரியவங்க இருமலு."

"உள்ள நான் மட்டுந்தான் இருக்கறேன்."

வேங்கடசாமியின் பார்வை சிம்ஹாவின் முகத்தில் இருந்து நழுவி, அவள் தோளுக்குப் பின்னால், கூடத்துக்குள் போய் நின்றது. பொட்டுக்குக் கீழே நெற்றி வேர்த்தது.

"சாவி மெதுவாக் குடுங்க," என்றார். "அவசரமே இல்லீங்க."

அவருடைய செருப்புச் சத்தம் சந்து முனை வரை நடந்து போனது. அதற்குப் பிறகு ஓடியது.

சிம்ஹா திரும்பினாள். துப்பட்டி அப்படியே இருந்தது. மூக்கு மேடு அப்படியே இருந்தது. தலைமாட்டு விளக்கு மட்டும் எண்ணெய் தீர்ந்து, ஒரு நீலப் பொட்டாகச் சுருங்கி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. சபாத் முடியும் வரை அதை ஏற்ற அவளுக்கு உரிமை இல்லை. ஏற்றச் சொல்லி யாரிடமும் கேட்கவும் உரிமை இல்லை.

நடைக்குப் போய் செம்பை எடுத்தாள். இந்தத் தடவை முற்றத்துக்குப் போகவில்லை. கூடத்தின் நடுவில் வந்து நின்று, மேற்குச் சுவரைப் பார்த்து, இத்தனை வருஷத்து ஆத்திரத்தையும் கையில் திரட்டி வீசினாள்.

"இந்தாங்க! காலிப் பொட்டிக்கு அபிசேகம்! போதுமா?"

தண்ணீர் பச்சைத் திரையில் அறைந்து, அலமாரிக் கதவில் வழிந்து, தரைக்கு வந்தது. அங்கே ஒரு கணம் தயங்கியது. பழைய காரைத் தரை நடுவில் சாய்ந்திருக்கும் என்பது கூட்டிப் பெருக்கிய அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வீசியிருந்தாள். தண்ணீர் ஒரு நாக்காக நீண்டு, பஞ்சுத் துகளையும் செத்த எறும்புகளையும் சுமந்துகொண்டு, பாயைப் பார்த்து நகர்ந்தது. ஒரு செம்புத் தண்ணீர்தான். ஆனால் அது நிற்கவில்லை. நீண்டுகொண்டே இருந்தது.

தலைத்துண்டை உருவித் தரையில் போட்டாள். அது குடித்து நிறைந்தது. சபாத் நாளில் துணியைப் பிழியக் கூடாது. இன்னொரு துணி போட்டாள். அதுவும் நிறைந்தது. பாயின் ஓரம் கறுத்தது. துப்பட்டியின் நுனி ஈரத்தை உறிஞ்ச ஆரம்பித்தது.

ஓய்வுநாளில் பிணத்தை நகர்த்தவும் கூடாது. கெட்டுப்போகும் என்றால் மட்டும் ஒரு வழி உண்டு என்று அப்பாதான் ஒருமுறை சொல்லியிருந்தார். உடம்பின் மேல் ஒரு ரொட்டியை வைத்தோ ஒரு குழந்தையை வைத்தோ, அதோடு சேர்த்து நகர்த்தலாம்.

"கொழந்தைக்கு நான் எங்க போவேன்?" என்றாள் சிம்ஹா சத்தமாக. "சொல்லுங்க. எங்க போவேன்?"

உள்ளே போய், சபாத்துக்கென்று வெள்ளிக்கிழமை சுட்டு வைத்த ரொட்டியை அதன் மூடுதுணியோடு எடுத்து வந்தாள். இருவருக்கென்று சுட்டது. அவள் இன்னும் அதைத் தொடவில்லை. துப்பட்டியின் மேல், நெஞ்சுக்கு நேராக வைத்தாள். தலைமாட்டில் குனிந்து, பாயின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தாள். அவர் கனத்தார். எலும்பும் தோலுமாக இருந்த மனிதர் ஈர மண் மூட்டையைப் போலக் கனத்தார். பாய் தரையில் உரசிய சத்தம் நீளமாக, யாரோ பல்லிடுக்கில் மூச்சு இழுப்பதைப் போல, கூடம் முழுக்கக் கேட்டது. வாசிப்பு மேடையை ஒட்டிக் காய்ந்த இடத்தில் கொண்டுவந்து விட்டாள். கால் இப்போதும் வாசலைத்தான் பார்த்தது.

நிமிர்ந்தபோது இடுப்பு வலித்தது. வலித்ததும் எல்லாம் வாய்க்கு வந்தது.

"நாளைக்கு வர்றவங்க உங்களைக் குளிப்பாட்டுவாங்க. குளிப்பாட்டீட்டு, ஏதாச்சும் குறை வெச்சிருந்தா மன்னிச்சுக்குங்கன்னு உங்ககிட்டக் கேப்பாங்க. செத்தவங்ககிட்டக் கேக்கறது. அதுதான் வழக்கம். எங்கிட்ட ஆரு கேக்கறது? உசுரோட இருந்த என்கிட்ட நீங்க எப்பவாச்சும் கேட்டீங்களா? தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணுன்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. உங்களுக்கு வேதம் பூராத் தெரியும், அந்த ஒரு வார்த்தை தெரியலை. இப்பச் சொல்லுங்க. இப்பவாச்சும் வாயைத் திறங்க!"

மில் சங்கு ஊதியது. பகல் ஷிப்டு முடிந்துவிட்டது. சங்கு நின்றதும் காதில் விழுந்த அமைதி வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தது. எருமைகள் கத்தவில்லை. சந்தில் பேச்சுக் குரல் இல்லை. எல்லாரும் குழாயடிக்குப் போயிருந்தார்கள்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள். எதற்காக என்று தெரிந்தே காத்திருந்தாள். அவர் வாய் திறக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, தரையில் இருந்து பின்வாங்கிச் சுவரேறியது. கண்ணாடி விளக்குகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின. மூலைகள் முதலில் இருட்டின. பிறகு பெஞ்சுகளின் அடி. பிறகு மேடை. துப்பட்டியின் வெள்ளை மட்டும் கொஞ்ச நேரம் இருட்டின் மேல் மிதந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததால், எப்போது மாறியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ரொட்டி நெஞ்சின் மேல் இல்லை.

உருண்டிருக்கும். இழுத்தபோது ஆடியிருக்கும். அவள் எழாமல், கழுத்தை மட்டும் நீட்டித் தரையைப் பார்த்தாள். ரொட்டி தரையில் இல்லை. அதன் மூடுதுணி பாயின் ஓரத்தில் இருந்தது. விழுந்து கிடக்கவில்லை. நாலாக மடித்து வைத்திருந்தது.

அவர் ரொட்டியை எடுக்கும் முன் துணியை அப்படித்தான் மடிப்பார்.

சிம்ஹா எழுந்தாள். பெஞ்சு கிரீச்சிட்டது. அது அடங்கிய பிறகும் ஏதோ ஒன்று மெல்லக் கிரீச்சிட்டது. பின்னுக்குக் கால் வைத்து நடைக்கு வந்தாள். முற்றத்துக்கு வந்தாள். வானம் இன்னும் முழுக்க இருட்டவில்லை. ஒரு நட்சத்திரம் ஓட்டுக்கு மேலே இருந்தது. தகரப் பெட்டி பின்வாசலில் இருந்தது. கதவைத் திறந்தால் சந்து. சந்தைத் தாண்டினால் கடை வீதி. வீதி நிறைய ஆட்கள், பைக்காராவில் இருந்து வந்த மின்சாரத்தில் எரியும் விளக்குகள். போய்விடலாம். ரயிலடியில் உட்கார்ந்திருக்கலாம்.

இரண்டாவது நட்சத்திரம்.

போனால் நாளைக்கு வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்? ஏலியாவுவின் மகள் அப்பனைத் தனியே போட்டுவிட்டு ஓடினாள் என்பார்கள். அவர் ஜெயித்துவிடுவார். செத்தும் ஜெயித்துவிடுவார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு விளக்கு. ஒரே ஒரு விளக்கு ஏற்றிவிட்டால் போதும். வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. எலி இழுத்திருக்கும். எலிதான்.

மூன்று.

ஓய்வுநாள் முடிந்தது. மாடத்தில் கைவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தாள். கூடத்து வாசலுக்கு வந்தாள். உள்ளே வெள்ளை இல்லை. துப்பட்டியின் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு இருந்தது. அதற்கு மேலே, உட்கார்ந்த ஆளின் உயரத்தில், வேறு ஒரு சின்ன வெள்ளை.

"அப்பா," என்றாள். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள்.

ஒரு கைதான் சும்மா இருந்தது. அந்தக் கையாலேயே பெட்டியைச் சுவரில் அழுத்திக் குச்சியைக் கிழித்தாள். தீ பிடித்தது.

அவர் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். துப்பட்டி இடுப்புக்கு வழிந்திருந்தது. அவள் மூடிய கண் மூடியபடியே இருந்தது. அவள் கட்டிய துணி தாடையை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது. மடியில் ரொட்டி, முழுசாக, ஒரு துணுக்கும் கிள்ளாமல். கை கழுவாமல் அவர் வாழ்நாளில் ரொட்டியைத் தொட்டு உண்டதில்லை. இரண்டு கைகளும் அவள் பக்கம் நீண்டு, சட்டைக்கை மணிக்கட்டுக்கு மேல் சுருட்டி, உள்ளங்கை விரிந்து, பொறுமையாகக் காத்திருந்தன.

அவளுடைய இன்னொரு கை கனத்தது. குனிந்து பார்த்தாள். இரண்டு காது செம்பு, கழுத்து வரை நிறைந்து, அவள் விரல்களுக்குள் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

தீ விரலைத் தொட்டது. அவள் விடவில்லை.

கட்டிய தாடை அசையவில்லை. ஆனால் குரல் வந்தது. அன்பான, அவசரமில்லாத, அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"தண்ணி ஊத்து, கண்ணு."